நான்காம் எண் வால்வின் தாடி

ஜனவரி 8

அன்புள்ள மருமகளுக்கு உன் மாமா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தையும் நன்றாக இருக்கிறோம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் எங்கள் கூட்டணியிலிருந்து விலகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டிய இடம் இது. கேட்டாயிற்று. இனி திட்டப் போகிறேன்.

உன் அம்மா போனில், "தம்பி, அவளுக்கு ராக்கெட் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு, சந்தோஷப்படு" என்றாள். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். சொன்னாள். கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. உன் அத்தை இன்னும் சுவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

முப்பத்தொரு வருஷம் நான் கட்டிக் காத்த ஏவுதளம் அது! ஊர் ஜனம் கட்டிய வரியில் ஒவ்வொரு தூணாக எழுப்பியது. புயல் வருகிறதா, மழை வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் செயற்கைக்கோள்களை அங்கிருந்துதான் அனுப்பினோம். அதைத் தூக்கி ஒரு முதலாளி கையில் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் பணக்காரர்களை ஏற்றி, மேலே ஒரு சுற்று காட்டி, கீழே இறக்கிவிடப் போகிறானாம். ராட்டினம் விடுகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? அந்த இடத்துக்கு என் அக்கா மகளே வேலைக்குப் போகிறாள்!

நான் யார் என்று அங்கே சொன்னாயா? எட்டாம் வகுப்போடு நின்றவன், நாற்பத்தொரு ராக்கெட்டுகளுக்கு வால்வு பார்த்தவன். பதினாறாவது ராக்கெட் கதையையாவது சொன்னாயா? உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் குறைகிறது.

கிளம்புவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவன் "தயார்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒருவன் "நில்" என்று சொல்லிவிட்டால் போதும், ராக்கெட் அரை அங்குலம் நகராது. அன்றைக்கு நான்காம் எண் வால்வைப் பார்க்கிறேன், ஆள் உயரத்துக்குப் பனித் தாடி தொங்குகிறது! "வால்வுப் பிரிவு?" என்றார்கள். மைக்கைப் பிடித்து "நில்!" என்று ஒரு கத்து. கண்ணாடிகள் அதிர்ந்தன. மந்திரி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் கண்ணீர் பட்ட சட்டை இன்னும் பெட்டியில் இருக்கிறது. மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த சமயம் பார்த்து ராக்கெட்டை அனுப்பினார்கள், கடலில் விழுந்தது. நான் இருந்திருந்தால் விழுந்திருக்குமா?

போனில் இதையெல்லாம் சொன்னால் "சிக்னல் இல்ல மாமா" என்பாய். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலையை விடு.

உன்,
நில் மாமா

*

ஜனவரி 19

நில் மாமாவுக்கு வணக்கம்.

நான் நலம். அத்தையின் முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு. உங்கள் ரத்த அழுத்தத்துக்கும். உங்கள் கடிதம் நல்ல சமயத்தில் வந்தது. வளாகத்து வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், வாரத்தில் ஒருநாள்தான் வெளியே விடுகிறார்கள்.

திட்டியதற்குப் பதில் சொல்கிறேன். உங்கள் அரசாங்கத்தில் நான் நான்கு வருஷம் இருந்தேன், மறந்துவிட்டீர்களா? ஒரு போல்ட் வாங்கப் பதினான்கு மாதம் ஆனது. அந்தக் கோப்பில் பதினேழு கையெழுத்து. கடைசியில் வந்தது தப்பான அளவு. "பொண்ணுங்க தளத்துக்குப் போக வேணாம், ஆபீஸ்லயே இருங்க" என்று என்னை ஒரு மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார்கள். இங்கே முப்பது வயதில் நான் தரைத்தள வால்வுகள் முழுவதற்கும் பொறுப்பு. மே 14 அன்று முதல் மனிதப் பயணம். நான்கு பேர் போகிறார்கள். பணக்காரர்கள்தான். பணக்காரர்களுக்கும் அம்மா உண்டு மாமா.

நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் தெரியுமா? ஆறு வயதில் உங்கள் மடியில் உட்கார்ந்து அந்த "நில்" கதையைக் கேட்டதால்தான். எல்லாரும் தயார் என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் நில் என்று சொல்லலாம், சொன்னால் கேட்பார்கள் என்று நம்பி வந்தேன். ஆகவே உங்கள் கோபத்தை உங்களிடமே காட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாயாடி

*

ஜனவரி 30

வாயாடி மருமகளுக்கு ஆசிகள் பல. அத்தையின் முழங்காலுக்கு எண்ணெய் போட்டாயிற்று. என் ரத்த அழுத்தத்துக்குக் காரணமே நீதான்.

போல்ட் வாங்கப் பதினான்கு மாதம் ஆகட்டுமே! பதினேழு பேர் கையெழுத்துப் போட்டால் பதினேழு பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உன் முதலாளி ஒருவனே பார்க்கிறான், ஒருவனே கையெழுத்துப் போடுகிறான், சாயங்காலம் ஒருவனே பேட்டியும் கொடுக்கிறான். நேற்று டிவியில் வந்தான். சட்டையின் மேல்பொத்தானைக் கூடப் போடத் தெரியவில்லை, இவன் ராக்கெட் மூடியைச் சரியாக மூடுவானா?

எங்கள் வேலையில் இருந்த நேர்த்தி உனக்கெங்கே தெரியும்! கண்ணாடி அதிகாரி என்று ஒருவர் இருந்தார், மூக்குக்கண்ணாடி அவ்வளவு தடிமன். அவர் சுற்றி வருவதற்கு முன்னால் நான் மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, நான்காம் எண் வால்வுக்குச் சவரம் செய்துவிடுவேன். ஒரு துளி பனி இருக்காது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி மொழுமொழுவென்று நிற்கும். "என்னய்யா, இன்னைக்கு ஷேவிங் ஆச்சா?" என்று பிரிவில் எல்லாரும் கேட்பார்கள். அப்படிச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்த இடம். உன் கம்பெனியில் சிரிக்க அனுமதிச் சீட்டு வேண்டுமாமே?

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
நில் மாமா

*

பிப்ரவரி 20

மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு முக்கியமான விஷயம். கதை வேண்டாம், பதில் வேண்டும்.

போன வாரம் குளிர்ச் சோதனை செய்தோம். திரவ ஆக்சிஜனை நிரப்பிப் பார்த்தோம். குழாய்கள் மேல் வெண்பனி படிவது சகஜம். ஆனால் நான்காம் எண் வால்வின் கழுத்தில் மட்டும் பனி கீழ்நோக்கித் தொங்கியது. நான்கு விரல் நீளம். அங்கே அப்படித் தொங்கினால் உள்ளே கசிகிறது, ராக்கெட்டுக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது என்று அர்த்தம்.

மேலாளரிடம் சொன்னேன். அவர் பழைய பதிவேட்டைத் திறந்து காட்டினார். தளத்தோடு சேர்த்து அரசாங்கம் கொடுத்த பதிவேடு. அதே வால்வு, அதே வடிவமைப்பு, நாற்பத்தொரு ஏவுதல்கள். நாற்பத்தொன்றிலும் ஒரே வரி: "நான்காம் எண் வால்வு, கசிவு இல்லை." அவர் சொன்னார்: "முப்பத்தொரு வருஷ அரசாங்க ரெக்கார்டு சுத்தமா இருக்கு. நீ வந்து ஒரு மாசம் ஆச்சு. ரெண்டுல எதை நான் நம்பணும்?"

மாமா, சவரம் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தடவை செய்தீர்கள்? பதிவேட்டில் ஏன் இல்லை? நீங்கள் நில் என்று சொன்ன நாளில் கசிவைப் பற்றி எங்கே எழுதினீர்கள்? அந்த ஒரு தாள் இருந்தால் போதும். நான்கு உயிர். உடனே எழுதுங்கள்.

வாயாடி

*

மார்ச் 3

மருமகளுக்கு,

இங்கே வெயில் அதிகம். அத்தைக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள். டாக்டர் நல்லவர், என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு "இது வேலை பார்த்த கை" என்றார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் புது மெஷின் வாங்கியிருக்கிறார். அதை மாட்டியதே நான்தான்.

நீ கேட்டதைப் பற்றி. மாமா ஏதோ விளையாட்டுக்கு எழுதினதை எல்லாம் பெரிசு பண்ணாதே. சவரம் என்றால் சும்மா துடைப்பது. பழைய காகிதங்களை யார் இப்போது வைத்திருக்கிறார்கள்? நில் என்று சொன்னதை வாயால் சொன்னேன், காகிதத்திலா சொல்வார்கள்?

அந்தக் கம்பெனிக்காரன் திருடன். அவனிடம் நீ எதையும் நிரூபிக்க வேண்டாம். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. உன் அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். நான்தான் சொல்லச் சொன்னேன்.

மாமா

*

மார்ச் 29

மாமா,

விசாரிப்பு எதுவும் இல்லாமல் ஆரம்பிக்கிறேன். மன்னியுங்கள் என்றும் சொல்லப்போவதில்லை.

நீங்கள் தாள் தரவில்லை. அதனால் நான் உங்களையே தாளாகக் கொண்டு போனேன். திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்: "இந்த வால்வு முன்னாடியே கசிஞ்சிருக்கு. பதினாறாவது ஏவுதல்ல என் மாமாவே நில்னு சொல்லி நிறுத்தியிருக்காரு." பெருமையாகச் சொன்னேன் மாமா.

மேலாளர் பதிவேட்டைத் திரையில் போட்டார். பதினாறாவது ஏவுதல். குறித்த நாளில், குறித்த நிமிஷத்தில் கிளம்பியது. ஒரு நொடி கூட நிறுத்தப்படவில்லை. மறுநாள் கதையே இல்லை. "வால்வுப் பிரிவு: கசிவு இல்லை. தயார்." கீழே உங்கள் கையெழுத்து. அந்த வளைந்த வாலை எனக்குத் தெரியாதா? என் பிறந்தநாள் வாழ்த்துகளில் எல்லாம் அதுதானே இருக்கிறது.

மேஜையைச் சுற்றிப் பதினொரு பேர். ஒருவர், "உங்க மாமா நிலாவுக்கும் போயிட்டு வந்தாராம்மா?" என்று கேட்டார். சிரித்தார்கள். மேலாளர், "சிரிக்காதீங்க, குடும்ப விஷயம்" என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள். இனி நான் அந்த வால்வைப் பற்றி வாயைத் திறந்தால் பனி தெரியாது அவர்களுக்கு, நீங்கள்தான் தெரிவீர்கள்.

பிறகு அந்த ஏவுதலின் விபத்து அறிக்கையில் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். ராக்கெட் நாற்பது நொடியில் கடலில் விழுந்தது, காரணம் காற்று. விழுந்த இடத்தில் ஒரு படகு இருந்தது, மூன்று பேர். நீங்கள் இருபத்தைந்து வருஷமாகச் சொன்ன கதையில் அந்த மூன்று பேர் ஒரு தடவை கூட வரவில்லையே, ஏன்?

எந்தச் சுத்தமான பதிவேட்டை வைத்துக்கொண்டு இவர்கள் நான்கு பேரை ஏற்றப் போகிறார்களோ, அது உங்கள் கையெழுத்து. ஒரே கேள்வி. அன்றைக்குக் கசிந்ததா இல்லையா?

மே 14-க்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

*

ஏப்ரல் 12

கண்ணுக்கு அத்தை எழுதுவது.

எனக்கு முழங்கால் பரவாயில்லை. எழுதப் படிக்க உன் மாமா அளவுக்குத் தெரியாது என்று நீ நினைத்திருப்பாய். அவர் அளவுக்கு அளக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்து ஒரு வாரமாக வீட்டில் பேச்சே இல்லை. தையல்காரர் வந்து "நில் மாமா இருக்காரா?" என்று வாசலில் நின்று கேட்டார். "அப்படி யாரும் இங்க இல்ல" என்று உன் மாமா உள்ளே இருந்து கத்தினார். அந்த ஆள் பயந்து போய்விட்டார்.

நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதல் நாளே தெரியும். அந்த ராக்கெட் விழுந்த அன்றைக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் குழாயடியில் நின்று கை கழுவினார். சோப்பு தேய்ந்து சில்லாகும் வரை கழுவினார். நான் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் "நான் நில்னு கத்தினேன்" என்றார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் கேட்கவில்லை. அது என் தப்பு. அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது.

நேற்று சொல்லிவிட்டேன்: "நீங்க எழுதுறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா?" மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நாலு தாளைக் கிழித்துவிட்டார். ஐந்தாவதைக் கிழிக்கவில்லை.

அத்தை

*

ஏப்ரல் 18

மருமகளுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. பழக்கத்தில் கேட்கிறேன்.

கசிந்தது.

தாடி ஒரு சாண் இருந்தது. ஆள் உயரம் இல்லை. ஒரு சாண். நான் ஏணியில் ஏறி அதைச் சுரண்டினேன். பத்து நிமிஷத்தில் மறுபடி வளர்ந்தது. மறுபடி சுரண்டினேன். மூன்றாவது தடவை வளர்ந்ததும் இறங்கிப் போய்க் கண்ணாடி அதிகாரியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"மந்திரி வந்தாச்சு."

"ஐயா, இன்னைக்கு அதிகமா இருக்கு."

"எப்பவும் இருக்கறதுதானே? நீதானே ஒவ்வொரு தடவையும் சுரண்டுற?"

"இருந்தாலும் ஐயா..."

"நீ தயார்னு சொல்றியா, இல்ல வேற ஆளைச் சொல்லச் சொல்லவா?"

"வால்வுப் பிரிவு?" என்று ஒலிபெருக்கி கேட்டது. "தயார்" என்றேன். கத்தவில்லை. கண்ணாடி எதுவும் அதிரவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். இரண்டாம் தடவை கேட்டார்கள், சரியாக விழவில்லை என்று. இரண்டாம் தடவையும் சொன்னேன்.

காற்று என்று எழுதினார்கள். எங்கள் பிரிவில் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. வருஷக் கடைசியில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். மந்திரி கட்டிப்பிடித்தது பொய். கைகுலுக்கக் கூட இல்லை.

கல்யாண வீட்டில் ஒருவர், "நீ அங்கதானே இருந்தே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். நில் என்று சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்று வந்துவிட்டது வாயில். அடுத்த வீட்டில் சொன்னபோது அவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்று ஆனது. அதற்கடுத்ததில் மந்திரி அழுதார். நீ மடியில் உட்கார்ந்து "அப்புறம் மாமா?" என்றாய். எனக்கு அப்புறம் தேவைப்பட்டது. அந்த மூன்று பேரைக் கதைக்குள் விட்டால் கதை நிற்காது. அதனால்தான் காய்ச்சல் வந்தது எனக்கு.

நாற்பத்தொன்றில் இருபத்துமூன்று தடவை சுரண்டினேன். இருபத்திரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததனால்தான் பழகிப்போனது. எங்கள் பிரிவில் அதை வேடிக்கையாக வைத்திருந்தோம். உனக்கு எழுதியபோது கூட அது வேடிக்கை என்றே எழுதினேன் பார்.

உன் கம்பெனி மேல் நான் கொதித்தேனே, அது பொய்யில்லை. இப்போதும் கொதிக்கிறேன். அவர்களுக்கு முதலாளி குறித்த தேதி பெரிசு. எங்களுக்கு மந்திரி குறித்த தேதி பெரிசாக இருந்தது. ஊர் ஜனத்துக்காக என்று சொல்லிக்கொண்டே ஊர் ஜனத்தில் மூன்று பேர் மேல் போட்டோம். தளத்தை அவன் எடுத்துக்கொண்டானே என்று கத்தினேன். தளத்தோடு என் பொய்யையும் எடுத்துக்கொண்டு போகிறான் என்று எனக்கு அப்போதே தெரியும். அதைத் திருப்பிக் கேட்கத் தைரியமில்லாமல் தளத்தைக் கேட்டேன்.

இத்துடன் வாக்குமூலம் இருக்கிறது. வக்கீல் முன்னால் கையெழுத்திட்டு முத்திரை வைத்தது. இருபத்துமூன்று ஏவுதல்களின் எண்களும் அதில் உண்டு. வக்கீல், "யோசிச்சுப் போடுங்க, பென்ஷனுக்கே ஆபத்து" என்றார். போன தடவை யோசித்துத்தான் போட்டேன் என்றேன். தனிப் பொட்டலத்தில் மரக்கரண்டி வருகிறது. நுனியைப் பார், உலோகத்தில் உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. சும்மா துடைத்தால் அப்படித் தேயாது.

சிரித்தவர்களிடம் காட்டு.

மாமா

*

மே 16

மாமாவுக்கு,

நலம். அத்தையும் நீங்களும் நலமா?

"ஓய்வு பெற்ற ஒருத்தர் சொல்றதை வெச்சு எப்படி?" என்றார்கள். மரக்கரண்டியை மேஜையில் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தேதியையும் மாற்றவில்லை.

இங்கே ஒலிபெருக்கி கிடையாது. ஒவ்வொருவர் திரையிலும் ஒரு கட்டம் இருக்கும், அதை அழுத்தினால் பச்சையாகும். எல்லாம் பச்சையானால்தான் எண்ணிக்கை ஓடும். 14-ஆம் தேதி காலை என் கட்டத்தை நான் அழுத்தவில்லை. மேலாளர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "வேற ஆளை உட்கார வைக்கட்டுமா?" என்று கேட்டார். அதே வார்த்தை மாமா. அதே வார்த்தை! உங்கள் கடிதத்தைப் படித்திருக்காவிட்டால் அங்கே நான் உடைந்திருப்பேன். "வைங்க. வெச்சா இந்த வாக்குமூலத்தை வாசல்ல நிக்கிற பத்திரிகைக்காரங்க கிட்ட குடுக்கிறேன்" என்றேன். பிறகு சத்தமாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நான்கு பேரும் இறங்கி வந்தார்கள். அதில் ஓர் அம்மா, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னைக் கன்னாபின்னாவென்று திட்டினார். நேற்று வால்வைக் கழற்றினார்கள். உள்ளே மூடி வந்து உட்காரும் வளையத்தின் விளிம்பில் விரிசல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை. திட்டிய அம்மாவுக்கு அதை யாரும் காட்டவில்லை.

கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது: "பாதுகாப்பே எங்கள் மூச்சு." முதலாளி பேட்டி கொடுத்துவிட்டார். என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்; கையுறைகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி அனுப்பிய வாக்குமூலத்தை வைத்து உங்கள் அரசாங்கம் உங்கள் மேல் விசாரணை தொடங்கியிருப்பதாகப் படித்தேன். தயார் என்று சொல்ல வைத்த கண்ணாடி அதிகாரி மேல் இல்லை, எழுதிக் கொடுத்த உங்கள் மேல். அரசாங்கமா கம்பெனியா, யார் கையில் ராக்கெட் இருக்கலாம் என்று இனி என்னிடம் கேட்காதீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு கதையாகிவிடும். நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் மூன்று குடும்பங்கள் இன்னும் காற்று என்றே நம்பிக்கொண்டிருக்கின்றன. முகவரிகள் அறிக்கையில் இருக்கின்றன, கீழே எழுதியிருக்கிறேன். கடிதம் வேண்டாம். கடிதத்தில் நீங்கள் நன்றாக எழுதிவிடுவீர்கள். நேரில் போங்கள்.

வாயாடி

*

ஜூன் 9

மருமகளுக்கு,

அத்தை நன்றாக நடக்கிறாள். என் கூடவே வந்தாள், பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறினாள். விசாரணைக்கு அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். கிடங்கில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொள்ளும், எழுந்து நட.

முதல் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாவது வீட்டில் மகன் இருந்தான். பாதி சொல்வதற்குள் சட்டையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினான். மிச்சத்தைத் தெருவில் நின்று சொன்னேன். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். இத்தனை பேர் சுற்றி நின்று நான் பேசி அன்றைக்குத்தான் ஒருவரும் கை தட்டவில்லை.

மூன்றாவது வீட்டில் படகுக்காரரின் மனைவி. உன் அத்தை வயசு. வலைக்கடையில் கணக்கெழுதுகிறவர். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே முழுவதும் கேட்டார். முடித்ததும் "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். "நீ என்ன சொன்னே?" என்று கேட்டார். "தயார்னு சொன்னேன்." "யார் சொன்னது?" "நான்தான்."

"அந்தப் பனி எவ்வளவு இருந்துச்சு?"

இரண்டு கையையும் தூக்கினேன். பாழாய்ப்போன கை, பழக்க தோஷத்தில் தானாக அகலமாக விரிந்தது. உன் அத்தை பக்கத்திலிருந்து பார்த்தாள். நான் கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தேன். ஒரு சாணில் நிறுத்தினேன்.

அந்த அம்மா கிட்டே வந்து, என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

"கையை எடுக்காத. அப்படியே வெச்சிரு" என்றார். வைத்திருந்தேன்.

மாமா